கார்ல் யோஹானில் ஒரு சுளுக்கு

நார்வேயின் தலைநகரான கிறிஸ்டியானியாவில் ஓர் ஆணும் பெண்ணும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கார்ல் யோஹான் தெருவில் கைகோத்து நடந்துவிட்டால் அவர்களுக்கு நிச்சயதார்த்தம் முடிந்தது என்று பொருள். மோதிரம் பிறகு வரும். பாதிரியாரிடம் சொல்வது பிறகு. பெண்ணின் அப்பாவுக்குத் தெரிவதுகூடச் சில வீடுகளில் பிறகுதான். இந்தச் சட்டத்தை எந்த நாடாளுமன்றமும் இயற்றவில்லை. நாடாளுமன்றம் அதே தெருவில்தான் இருந்தது. அதன் உறுப்பினர்களும் ஞாயிறானால் நல்ல தொப்பியாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் நடந்தார்கள்.

தெருவின் மேல்கோடியில் அரண்மனை. அரசர் பெரும்பாலும் அதில் இருக்கமாட்டார்; ஸ்வீடனுக்கும் அவரே அரசர் என்பதால் ஸ்டாக்ஹோமில் இருப்பார். அரசரைப் பார்க்கலாம் என்று கிளம்பிய கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் திரும்பியது. நாளடைவில் அதுவே போதும் என்றாகிவிட்டது.

ராக்னா ஹோவிக் அந்தத் தெருவில் சிவெர்ட் லின்ட்டோடு ஆறு வருஷமாக நடந்துகொண்டிருந்தாள். கைகோக்காமல்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பியானோ சொல்லிக்கொடுப்பது தொழில். பியானோவைக் கண்டாலே ஆகாத வியாபாரிகளின் பிள்ளைகளை, அவர்களுக்குக் கல்யாணமாகிப் பியானோவை மூடிவைக்கும் காலம் வருவதற்குள், ஒரு பாட்டாவது முழுதாக வாசிக்க வைக்க வேண்டும். சிவெர்ட் அமைச்சகம் ஒன்றில் எழுத்தர். பதவி உயர்வு வரப்போகிறது என்று சொல்லிச் சொல்லியே முன்நெற்றியில் வழுக்கை வந்துவிட்டது. இரண்டு பேரும் யோசெஃபினா புரூன் என்ற விதவையின் வீட்டில் குடியிருந்தார்கள். அவள் இரண்டாவது மாடி, அவன் அதற்கு மேலே.

ஒரே வீடு, ஒரே படிக்கட்டு. இருந்தாலும் சேர்ந்து கிளம்பினால் நன்றாயிராது என்பதால் அவன் முன்னால் போய்விடுவான். அவள் கொஞ்சம் பொறுத்துப் போவாள். கேக் கடை மூலையில், சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே அவன் நின்றுகொண்டிருப்பான். அவளைக் கண்டதும் தொப்பியைத் தலைக்கு மேலே நன்றாக உயர்த்தி, "அடடே, மிஸ் ராக்னா! நீங்களும் இந்தப் பக்கமா?" என்பான்.

"காத்து வாங்கலாம்னு," என்பாள் அவள்.

ஆறு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் அதே ஆச்சரியம். அவன் முகத்தில் ஒரு சுருக்கம் அசையாது. அதுதான் அவனுடைய நகைச்சுவை; அதைத் தவிர அவனிடம் வேறு நகைச்சுவை கிடையாது. ராக்னா அதற்காக வாரத்தின் மற்ற நாட்களைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள்.

பிறகு நடப்பார்கள். பூங்காவில் காவல்படையின் வாத்தியக்குழு வாசிக்கும். அவன் அடுப்புக் கரியின் தரத்தைப் பற்றிப் பேசுவான், அவள் பிள்ளைகளின் விரல்களைப் பற்றிப் பேசுவாள். நடுவில் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு எப்போதும் இடம் இருக்கும். தெருவுக்கு அந்த இடைவெளி பழகிவிட்டிருந்தது. வெள்ளைக் குஞ்சம் வைத்த குல்லாய் போட்ட ஒரு மாணவன், காலேஜில் கேலிப் பத்திரிகை நடத்துகிறவனாம், ஒருநாள் எதிரே வந்தவன் சிவெர்ட்டுக்கு ஒருமுறை, ராக்னாவுக்கு ஒருமுறை, நடுவிலிருந்த காலியிடத்துக்கு ஒருமுறை என்று குல்லாயைத் தூக்கிவிட்டு, "உங்க மூணு பேருக்கும் வணக்கம்," என்று போனான். அன்றிலிருந்து பார்க்கும்போதெல்லாம் அப்படியே செய்தான். சிவெர்ட் கோபித்துக்கொள்ளவில்லை. "மூணாவது ஆள் பதில் வணக்கம் சொல்றதில்ல. ரொம்ப கர்வம்," என்றான். ராக்னா அந்த மூன்றாவது ஆளை மனசுக்குள் என்னென்னவோ திட்டியிருக்கிறாள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. முதல்நாள் வெயிலில் உருகிய பனி ராத்திரி இறுகி, தெரு கண்ணாடியாகக் கிடந்தது. கடைக்காரர்கள் மணல் தூவியிருந்தார்கள். கேக் கடையைத் தாண்டி நாலு வாசல் போனதும் ஒருவர் கஞ்சத்தனமாகத் தூவியிருந்தார். சரியாக அந்த இடத்தில் சிவெர்ட்டின் மேலதிகாரி ஓப்தாலின் மனைவி எதிரே வந்தாள். சிவெர்ட் தொப்பியைத் தூக்கினான். பதவி உயர்வை மனசில் வைத்து வழக்கத்தைவிட உயரமாகவே தூக்கினான். கால்கள் வேறு பக்கம் போய்விட்டன.

விழுந்தவன் தொப்பியை விடவில்லை. உட்கார்ந்தபடியே வணக்கத்தை முடித்தான். திருமதி ஓப்தால் அதை ஏற்றுக்கொண்டு நடந்துவிட்டாள்.

"எழுந்திருக்க முடியுதா?" என்றாள் ராக்னா.

"முடியுது. நிக்கத்தான் முடியல."

"கையைப் பிடிச்சுக்குங்க."

"தெருவுல போய் எப்படி மிஸ்..."

"தெருவுலதானே விழுந்தீங்க?"

அவன் அவள் கையைப் பிடித்தான். கணுக்கால் சுளுக்கியிருந்தது. ஓர் அடி வைத்ததும் உடம்பின் பாரம் முழுக்க அவள் தோளில் சாய்ந்தது. அவனுடைய கோட்டிலிருந்து ஈரக் கம்பளி வாசனையும் அமைச்சகத்து மை வாசனையும் வந்தன. மூன்றாவது ஆள் எங்கே போனான் என்றே தெரியவில்லை.

நாடாளுமன்றத்துக்கு எதிரே ஒரு சறுக்கு வண்டி காலியாக நின்றது. பழுப்புக் குதிரை. வண்டிக்காரன் உள்ளங்கைகளில் ஊதிக்கொண்டு, யாராவது கூப்பிடமாட்டார்களா என்று இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ராக்னா கையை உயர்த்தியிருந்தால் போதும்.

அவள் எதிர்ப்பக்கத்துக் கையுறைக் கடையைப் பார்த்தாள். வண்டியைத் தாண்டும்வரை அதையே பார்த்தாள்.

கார்ல் யோஹானில் யாரும் யாருடைய காலையும் பார்ப்பதில்லை. பார்வையெல்லாம் இடுப்புக்கு மேலேதான். அதனால் தெரு பார்த்தது இவ்வளவுதான்: ஹோவிக் பெண்ணும் லின்ட்டும் கைகோத்து வருகிறார்கள். அவன் தள்ளாடுகிறான், ஆமாம், ஆறு வருஷம் காத்திருந்தவன் தள்ளாடாமல் என்ன செய்வான்? தொப்பிகள் உயர்ந்தன. அறிமுகமில்லாத தொப்பிகளும் உயர்ந்தன. வாத்தியக்குழு தற்செயலாக ஒரு வால்ட்ஸ் நடன இசைக்கு மாறியது. குஞ்சக் குல்லாய் மாணவன் மட்டும் குல்லாயைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, "மூணாவது ஆளோட ஆத்மா சாந்தியடையட்டும்," என்றான்.

வீட்டு வாசலில் யோசெஃபினா அம்மாள் நின்றிருந்தாள். செய்தி அவர்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"அப்பாடா! நான் கண்ணை மூடறதுக்குள்ள நடக்காதுன்னு நெனச்சேன்."

"பனியில வழுக்கி விழுந்துட்டார், புரூன் அம்மா. கால் சுளுக்கு."

"ஆமாமா, எல்லாரும் அப்படித்தான்டி விழறாங்க. என் புருஷன் குதிரையிலேர்ந்து விழுந்தார்."

மறுநாள் சாயங்காலம் ராக்னாவின் மேசையில், வளையத்தின்மேல் வளையமாகக் கோபுரம்போல அடுக்கிய பாதாம் கேக் இருந்தது. நிச்சயமான வீட்டுக்குத்தான் அதைச் செய்வார்கள்.

அந்த வாரம் முழுக்க ஊர் அவளிடம் வேறு மாதிரி நடந்துகொண்டது. மர வியாபாரி வோலின் வீட்டில் மகள் ஹெல்கா பியானோவை அடித்து நொறுக்கிக்கொண்டிருக்கும்போது ராக்னாவுக்கு ஒரு காப்பி வரும். இத்தனை வருஷமாகப் பால் ஊற்றிய காப்பி. அந்த வாரம் தனிக் கிண்ணத்தில் பாலாடை வந்தது. திருமதி வோல் அதைத் தன் கையாலேயே கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஒல்லியா இருக்கீங்களே மிஸ்," என்றாள், ஒல்லியாக இருப்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தவள்போல. ரொட்டிக் கடைக்காரி மாவுக் கையோடு வந்து கட்டிக்கொண்டாள். ராக்னா எல்லாரிடமும், "அவருக்குக் கால் சுளுக்கு," என்றே சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். சொல்லச் சொல்ல அவளுக்கும் சிரிப்பு வர ஆரம்பித்தது.

காலையில் தலைக்கு மேலே அவன் நடக்கிற சத்தம் கேட்கும். ஓர் அடி கனமாக, ஓர் அடி லேசாக. காப்பிப் பாத்திரத்தை எடுக்கிறான், ஜன்னலுக்குப் போகிறான், முகம் மழிக்கிறான். ஒரு பெண்டாட்டிக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். தனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதில் சின்னதாக ஒரு பெருமை.

புதன்கிழமை அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தான். அவள் கதவை அகலத் திறந்துவைத்தாள், அதுதான் முறை. அவன் உள்ளே வந்து, தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான்.

"உக்காருங்க சார். கால் எப்படியிருக்கு?"

"காலுக்கென்ன, ஊர் முழுக்க விசாரிக்குது. ஓப்தால் சார்கிட்ட சுளுக்குன்னு சொன்னேன். எனக்கும் முப்பது வருஷத்துக்கு முன்னாடி சுளுக்கிச்சு, இன்னும் சரியாகலங்கறார்."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"மிஸ் ராக்னா, தெரு ஒரு முடிவு பண்ணிடுச்சு. நான் பின்வாங்கற ஆள் இல்ல. இப்ப நான் ஒதுங்கினா உங்க பேர் கெட்டுப்போகும். பாதிரியார்கிட்ட நானே போய்ச் சொல்றேன்."

அவள் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும், சின்னதாக இருந்தாலும் சரி.

"ஒண்ணு மட்டும் உங்ககிட்ட மறைக்கக் கூடாது," என்றான். "டாக்னின்னு ஒருத்தி இருக்கா. வடக்கே, எங்க ஊர்ப் பக்கம். அவ அப்பா கலங்கரை விளக்கத்துல வேலை பாக்கிறார். பதவி உயர்வு வந்ததும் கல்யாணம்னு பேச்சு. நாலு வருஷமாச்சு."

பாதாம் கேக்கின் உச்சி வளையம் லேசாகச் சாய்ந்திருந்தது. ராக்னா அதை விரலால் நேராக்கினாள்.

"நீங்க சொல்லவேயில்லையே."

"நீங்க கேக்கவேயில்லையே, மிஸ்." அதை அவன் குற்றமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அதுதான் காரணம். "இங்க யாருக்கும் தெரியாது. அங்க தெருவே கிடையாது. ஒரு பாறை, அதைச் சுத்திக் கடல். கைகோத்து எங்க நடக்கிறது, யார் பாக்கிறது? கடல்காக்காதான் பாத்துது."

"அவங்களுக்கு என்ன சொல்லப்போறீங்க?"

"திங்கக்கிழமை கப்பல்ல கடுதாசி போட்டுடறேன். விழுந்தேன், இந்த மாதிரி ஆயிடுச்சுன்னு. புரிஞ்சுக்குவா. நல்லவ." தொப்பி இன்னொரு சுற்றுச் சுற்றியது. "நீங்க என்ன சொல்றீங்களோ அதுபடி. உங்களுக்கு நான் கடமைப்பட்டவன். அன்னைக்கு நீங்க மட்டும் இல்லேன்னா தெருவுலயே கெடந்திருப்பேன். பாருங்க, அவசரத்துக்கு ஒரு வண்டிகூட இல்ல. வண்டி ஒண்ணு கெடச்சிருந்தா இந்த வம்பே வந்திருக்காது."

ராக்னா வாயைத் திறந்தாள். பிறகு, "காப்பி சாப்பிடறீங்களா?" என்றாள்.

அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அதுதான் இதில் இருந்த சௌகரியம். சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதில் அவளுக்கு ஆறு வருஷப் பழக்கம் இருந்தது. தெரு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வசந்தத்தில் கல்யாணம் நடக்கும். அவன் நல்ல புருஷனாக இருப்பான், கரி நல்ல தரமாக வாங்குவான். ஒவ்வொரு ஞாயிறும் கை கொடுப்பான். கடமைப்பட்டவன் என்கிற முகத்தோடு கொடுப்பான்.

வியாழக்கிழமை பாலாடை ஊற்றிய காப்பியைக் குடித்துக்கொண்டே அவள் டாக்னியை நினைத்துப் பார்த்தாள். பாறைமேல் ஒரு பெண். சுற்றிலும் கடல். முகம் வரவில்லை. காற்றில் பறக்கிற ஒரு சால்வை மட்டும் வந்தது. வெள்ளிக்கிழமை காப்பியை அப்படியே வைத்துவிட்டாள். "பாலாடை கெட்டுப்போச்சா?" என்று திருமதி வோல் முகர்ந்துகூடப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை யோசெஃபினா அம்மாள் படிக்கட்டுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். ராக்னா மேல்படியில் உட்கார்ந்து, யாருக்கோ வந்த சந்தேகம்போலக் கேட்டாள்.

"புரூன் அம்மா, கைகோத்து நடந்தவங்க அப்புறம் வேண்டாம்னு நெனச்சா என்ன பண்ணுவாங்க?"

யோசெஃபினா அம்மாள் துணியைப் பிழிவதை நிறுத்தினாள். "ஏன்டி, அதுக்குள்ள சண்டையா?"

"சும்மா கேக்கறேன்."

"நடந்ததை நடந்துதான் அழிக்கணும். பேசி அழிக்க முடியாது. அவன் விட்டுட்டுப் போனா அவன் அயோக்கியன். பதவி உயர்வு கெடக்கட்டும், ரொட்டிக் கடையில பழைய ரொட்டிகூடக் குடுக்கமாட்டாங்க. அவ விட்டா அது வேற மாதிரி. அவன் தெருவுல தொப்பியைத் தூக்குவான், இவ பாக்காத மாதிரிப் போயிடணும். நாலு பேர் பாத்தா போதும், முடிஞ்சுது. நான் வயசுப்பொண்ணா இருக்கறப்ப ஒரு கர்னல் மக அப்படித்தான் பண்ணினா. நிச்சயமானவர் தொப்பியைத் தூக்கினார், அவ கடைக் கண்ணாடிக்குள்ள இருந்த கேக்கைப் பாத்தா."

"அப்புறம்?"

"அவருக்கென்ன, ஊரே பாவப்பட்டுப் பெரிய வேலையாக் குடுத்துது. வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டார்."

"அவ?"

யோசெஃபினா அம்மாள் துணியை வாளிக்குள் போட்டாள். "அவ கேக்கைப் பாத்துக்கிட்டிருக்கா."

ராக்னா எழுந்து மேலே போனாள். அவன் அறைக்குள் போவது முறையில்லை என்பதால் படிக்கட்டு முடிகிற இடத்தில் நின்று கூப்பிட்டாள். அவன் ஒரு காலில் செருப்போடு வந்தான். தான் செய்யப்போவதைச் சொன்னாள். நாளைக்கு வழக்கமான இடம். அவன் தொப்பியைத் தூக்க வேண்டியது, அவள் பார்க்காமல் போக வேண்டியது.

"முடியாது," என்றான் சிவெர்ட். "ஊர் உங்களை என்ன சொல்லும்? எனக்காக உதவி பண்ணப் போய் நீங்க ஏன் அவமானப்படணும்? கூடவே கூடாது மிஸ்."

"வண்டி இருந்துச்சு."

"எந்த வண்டி?"

"அன்னைக்கு. நாடாளுமன்றத்துக்கு எதிர்ல. காலி வண்டி. நான் பாத்தேன். பாத்தும் கூப்பிடல."

சொன்ன பிறகு அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். சோப்பு ஈரத்தில் அது வழுக்கியது.

"பழுப்புக் குதிரையா?" என்றான்.

"ஆமா."

"அதை நானும் பாத்தேன்."

அவனும் பார்த்திருக்கிறான். பார்த்தும் கூப்பிடவில்லை. கை அவள் கைக்குள் இருக்க, அவனும் வேறு எங்கோ பார்த்திருக்கிறான். அந்த நொடியில் பாறையும் கடலும் சால்வையும் எங்கோ வெகுதூரம் போயின.

"அது போன மாசம் என் தொப்பியக் கடிச்சுது," என்றான் சிவெர்ட். "விளிம்புல பல் தடம் இன்னும் இருக்கு. மறுபடி அதுக்கிட்டப் போகப் பயம். அதான் பாக்காத மாதிரி வந்தேன். வண்டியே இல்லேன்னு அன்னைக்கு உங்ககிட்டச் சொன்னதும் பொய். குதிரைக்குப் பயந்தேன்னு ஒரு பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது?"

ராக்னா சிரித்தாள். ஆரம்பித்த சிரிப்பு நிற்கவில்லை. படியில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அவனும் கொஞ்சம் சிரித்தான். கீழே யோசெஃபினா அம்மாள், "சமாதானமாயிட்டாங்க," என்று வாளியிடம் சொல்வது கேட்டது.

சிரிப்பு ஓய்ந்ததும் அவனுக்குத் திடீரென்று ஏதோ தோன்றியிருக்க வேண்டும். "நீங்க ஏன் கூப்பிடல, மிஸ்?" என்றான்.

ராக்னா எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"அந்தக் குதிரையக் கண்டா எனக்கும் ஆகாது," என்றாள்.

அவன் அதை நம்பித் தலையாட்டினான், நாளைக்கு வருவதற்கும் சேர்த்து.

"நல்லா உசரத் தூக்குங்க சார். எல்லாருக்கும் தெரியணும்," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஞாயிறு வெயில் அடித்தது. தெரு நிரம்பி வழிந்தது. அவன் முன்னால் போனான். அவள் கொஞ்சம் பொறுத்துப் போனாள். கேக் கடை மூலையில், கடிகாரத்துக்குக் கீழே, கைத்தடியில் சாய்ந்து அவன் நின்றிருந்தான். பக்கத்திலேயே ஓப்தால் தம்பதி. கொஞ்சம் தள்ளி மர வியாபாரியின் குடும்பம். இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

அவளைக் கண்டதும் தொப்பி உயர்ந்தது. தலைக்கு மேலே, நன்றாக உயரத்தில். பேசத் தேவையில்லை என்றுதான் சொல்லியிருந்தாள். ஆறு வருஷப் பழக்கம் விடுமா?

"அடடே, மிஸ் ராக்னா! நீங்களும் இந்தப் பக்கமா?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. அவள் கடைக் கண்ணாடியின் பக்கம் திரும்பினாள்.

உள்ளே ஒரு பாதாம் கோபுரம் இருந்தது, யோசெஃபினா அம்மாள் செய்ததைவிட உயரமானது. அதன்மேல் கண்ணாடியில் அவனுடைய பிம்பம் விழுந்திருந்தது. தொப்பி இன்னும் மேலேயே இருந்தது. தேவைக்கு அதிகமாக வைத்திருந்தான்; வாத்தியக்குழு ஓர் அடியை முடித்து அடுத்ததைத் தொடங்கும்வரை. முன்நெற்றியில் மிச்சமிருந்த முடி காற்றில் நின்றது. தொப்பியின் விளிம்பில் ஒரு பக்கம் வளைந்திருந்தது. குதிரை கடித்த இடம் அதுவாகத்தான் இருக்கும். ஆறு வருஷம் பார்த்த தொப்பியில் அவள் அதைக் கவனித்ததே இல்லை. பிறகு அது மெல்ல இறங்கியது.

"பாவம் மனுஷன்," என்றாள் திருமதி ஓப்தால். "நொண்டிக்கால வச்சுக்கிட்டு வந்து நிக்கறார்."

முதல்முறையாகத் தெரு ஒருவனுடைய காலைப் பார்த்தது.

ராக்னா சாலையைக் குறுக்கே கடந்து நிழல் பக்கமாக வீட்டுக்குப் போனாள்.

யோசெஃபினா அம்மாள் சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. ஊர் சிவெர்ட்டுக்காக உருகியது. ரொட்டிக் கடைக்காரி அவனுக்குச் சூடான ரொட்டியாக எடுத்துவைத்தாள். ஈஸ்டருக்குள் பதவி உயர்வு வந்துவிட்டது. மனசு உடைந்த எழுத்தரை எத்தனை நாள்தான் எழுத்தராகவே வைத்திருப்பது என்று ஓப்தாலுக்கே தோன்றிவிட்டதாம். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குவது இனி நன்றாயிராது என்று அவன் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனான். போகிற அன்று ராக்னா ஹெல்காவின் வீட்டில் இருந்தாள். காப்பி பாலோடு வந்தது. மே மாதத்தில் காப்பியும் நின்றது, ஹெல்காவும் நின்றாள். வயசுக்கு வருகிற பெண்ணை, நல்ல மனுஷனின் தொப்பியை மதிக்காதவளிடம் எப்படி விடுவது? திருமதி வோல் சொன்னதில் நியாயம் இருந்தது.

இதையெல்லாம் ராக்னா முன்பே எதிர்பார்த்திருந்தாள். வராத புருஷனை இழப்பதற்கும் அவள் தயாராகத்தான் இருந்தாள். ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

அவள் முகம் திருப்பிக்கொண்டு போனதற்கு அடுத்த ஞாயிறே, இரண்டு மணிக்கு அவளுடைய கால்கள் தாமாகவே கேக் கடை மூலைக்குப் போயிருந்தன. அவன் எதிர்ப்பக்கத்தில் வந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்தான். கை தொப்பிக்கு உயர்ந்தது. பாதியில் நின்றது. காது மடலைச் சொறிந்துகொண்டு இறங்கிவிட்டது. பெண் ஒருத்தி தெருவில் முகம் திருப்பிக்கொண்டால் அவளுக்கு அந்த ஆண் மறுபடி தொப்பியைத் தூக்கக் கூடாது. தூக்கினால் மானமில்லாதவன். அதுவும் சட்டம்தான். அத்தனை வருஷம் அந்தத் தெருவில் நடந்தவள், அதை எப்படி மறந்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஜூனில் டாக்னி வந்தாள். ராக்னா நிழல் பக்கத்திலிருந்து பார்த்தாள். சால்வை இல்லை. வைக்கோல் தொப்பி, நீலப் பட்டுநாடா. அத்தனை தெருவையும் அத்தனை ஜனத்தையும் கண்டு மிரண்ட முகம். இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்திருந்தாள். பாறையில் வளர்ந்தவளுக்குச் சமதளம் பழக்கமில்லை போலிருக்கிறது. தொப்பிகள் உயர்ந்தன. சிவெர்ட்டும் எல்லாருக்கும் தூக்கித் தூக்கி இறக்கினான். புதுத் தொப்பி. விளிம்பில் எந்தத் தடமும் இல்லை.

அவர்கள் அரண்மனைப் பக்கம் போனார்கள். ராக்னா எதிர்த்திசையில் நடந்தாள். தனியாகத்தான் நடந்தாள்; ஆனாலும் பழக்கத்தில் நடைபாதையின் ஓரத்தை ஒட்டி, பக்கத்தில் ஆட்களுக்கு இடம் விட்டே நடந்தாள். எதிரே குஞ்சக் குல்லாய் மாணவன் வந்தான். தேர்வில் தேறிவிட்டானாம், கொஞ்சம் பெரிய மனுஷத்தனம் வந்திருந்தது. அவளுக்கு ஒருமுறை குல்லாயைத் தூக்கினான். ஊரில் பாதிப் பேர் அதைக்கூட நிறுத்தியிருந்தார்கள். பிறகு, முகத்தில் ஒரு சுருக்கம் அசையாமல், அவள் பக்கத்திலிருந்த காலியிடத்துக்கு ஒருமுறை தூக்கினான்.

"ரெண்டு பேரும் இந்தப் பக்கமா?" என்றான்.

ராக்னா நின்றாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்த காலியிடத்தைப் பார்த்தாள்.

"காத்து வாங்கலாம்னு," என்றாள்.